பழைய காருக்கு வலுவான பின் ஆக்சில்: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கான்டெசா, பழைய மகேந்திரா ஜீப் என்று ஏதாவது ஒன்றை விட மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் குமரி மாவட்டத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் களைத்துப்போன எஞ்சினை இறக்கிவிட்டு, அதைவிடப் பெரிய டீசல் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றி ஓட்டுகிறார்கள். எஞ்சின் மாறிய சில மாதங்களில் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் எழும். பிறகு கிளட்சை விடும்போதெல்லாம் அடியில் ‘டங்’ என்று ஓர் அடி விழும். கடைசியில் ஏதோ ஓர் ஏற்றத்தில் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. என் அம்பாசிடருக்கு அந்த நாள் பாலமோர் ஏற்றத்தில் வந்தது. இடப்பக்க ஆக்சில் ஷாஃப்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டு, முனையில் பல் வெட்டிய ஸ்ப்லைன் பகுதியில் திருகி முறிந்திருந்தது.

அப்போது நான் செய்த முதல் காரியம், ‘ஜீப் ஆக்சில் உடையவே உடையாது’ என்று நாலு பேர் சொன்னதை நம்பி, அளந்து பார்க்காமல் ஒரு ஜீப் ஆக்சிலை வாங்கியதுதான். அது உடையாது என்பது உண்மை. ஆனால் என் வண்டிக்கு அது சக்கர வளைவைத் தாண்டி வெளியே நின்றது, விகிதமும் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் பக்கத் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது) பொருந்தவில்லை, இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் டிஃபரன்ஷியலும் நடுவில் இல்லை. இரண்டு மழைக்காலம் அது கொட்டகையிலேயே கிடந்தது. வலுவான ஆக்சில் கிடைப்பது கடினமில்லை என்பதையும், நம் வண்டிக்குப் பொருந்துகிற வலுவான ஆக்சிலைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை என்பதையும் நான் அதிலிருந்து கற்றுக்கொண்டேன். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் எந்த வரிசையில் முடிவெடுக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஆர்.சி. புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இதையே வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். எஞ்சின் மாற்றம் நேரடியாக ஆர்.சி. விவரத்தைத் தொடும் விஷயம். ஆக்சில் மாற்றத்தால் சக்கரம் பாடிக்கு வெளியே நீண்டாலோ, சேசிஸை வெட்டி ஒட்ட நேர்ந்தாலோ அதுவும் கேள்விக்கு உள்ளாகும்.

ஆகையால் உங்கள் வண்டி டி.என். 74 என்றால் நாகர்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், டி.என். 75 என்றால் மார்த்தாண்டத்திலும், என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை எழுத்தில் கொடுத்துக் கேட்டுவிட்டுப் பொருள் தேடத் தொடங்குங்கள். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், வண்டி எப்படியும் ஆய்வாளர் முன் நிற்கத்தான் போகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்; தெரிவிக்காத மாற்றம் இழப்பீடு கேட்கும் நாளில் உங்களுக்கு எதிராக நிற்கும்.

எவ்வளவு வலு வேண்டும் என்று கணக்கிடுங்கள்

‘எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது’ என்பது ஆக்சிலுக்குப் பொருந்தாது. ஆக்சிலின் எடை, வண்டியைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகளுக்குக் கீழே தொங்கும் எடை. அது கூடக் கூட, குழியில் இறங்கிய சக்கரம் தரையை விட்டுத் துள்ளும் நேரமும் கூடும். பின்சீட்டில் இருப்பவரின் இடுப்புக்கும் அது தெரியும். பத்மினி போன்ற இலகுவான காரின் அடியில் சரக்கு வண்டி ஆக்சிலைப் பூட்டினால், உடையாத ஆனால் ஓட்ட முடியாத வண்டி ஒன்று கிடைக்கும்.

கணக்கு எளிது. எஞ்சினின் உச்ச முறுக்குவிசையை முதல் கியர் விகிதத்தாலும் ஆக்சில் விகிதத்தாலும் பெருக்கினால், சக்கரங்களுக்கு வந்து சேரக்கூடிய உச்ச முறுக்குவிசை கிடைக்கும். எடுத்துக்காட்டாக 190 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின், 3.7 முதல் கியர், 4.1 ஆக்சில் என்றால் சுமார் 2,880 நியூட்டன் மீட்டர்.

ஆனால் தரையைப் பிடித்திருக்கும் டயர் அவ்வளவையும் வாங்கிக்கொள்ளாது; ஓர் எல்லைக்கு மேல் வழுக்கிவிடும். அந்த எல்லை பின் சக்கரங்களின் மேல் உள்ள எடையையும் டயரின் ஆரத்தையும் பொறுத்தது. பின்பக்கம் 600 கிலோவும் டயர் ஆரம் 0.31 மீட்டரும் இருக்கும் கார், உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வை 0.8 என்று கொண்டால், சுமார் 1,460 நியூட்டன் மீட்டரில் வழுக்கத் தொடங்கும். அதே காரில் ஆட்களையும் ரப்பர் ஷீட் கட்டுகளையும் ஏற்றிப் பின்பக்க எடையை 850 கிலோவாக்கி, 0.34 மீட்டர் ஆரமுள்ள பெரிய டயரையும் மாட்டினால் அந்த எல்லை சுமார் 2,270-க்கு ஏறிவிடுகிறது. அதாவது எஞ்சினைத் தொடாமலேயே ஆக்சில் தாங்க வேண்டிய விசை ஒன்றரை மடங்காகிவிட்டது. பலர் எஞ்சினை மட்டுமே குற்றம் சொல்கிறார்கள். பெரிய டயரும் பாரமும் செய்யும் வேலையை மறந்துவிடுகிறார்கள்.

எஞ்சின் தரும் எண், டயர் வழுக்கத் தொடங்கும் எண் ஆகிய இந்த இரண்டில் எது சிறியதோ அதுதான் சீரான ஓட்டத்தில் உங்கள் ஆக்சில் தாங்க வேண்டிய அளவு. அதற்கு மேல் அதிர்ச்சிக்கென்று தாராளமாக இடம் விடுங்கள். கிளட்சைச் சட்டென்று விடுவது, சேற்றில் சுழன்றுகொண்டிருந்த சக்கரம் திடீரென்று பாறையில் பிடிப்பது, ஏற்றத்தில் பின் சக்கரம் துள்ளித் துள்ளி விழுவது ஆகியவைதான் பெரும்பாலும் ஷாஃப்ட்டை முறிக்கின்றன.

ஷாஃப்ட்டின் தடிமனைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 28 மி.மீ. ஷாஃப்ட்டுக்குப் பதில் 32 மி.மீ. ஷாஃப்ட் வந்தால், நான்கே மில்லிமீட்டர் வித்தியாசத்தில், அதே தரமான எஃகாக இருக்கும் பட்சத்தில், வலு ஏறத்தாழ 49 சதவீதம் கூடுகிறது. ஆகவே பழைய சாமான் கடைக்குப் போகும்போது வெர்னியர் காலிப்பரை எடுத்துச் செல்லுங்கள். ஸ்ப்லைன் பல்லின் எண்ணிக்கையை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள். பல்லின் அடிப்பகுதியிலும், ஷாஃப்ட் மிக மெலிந்திருக்கும் இடத்திலும் விட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முறிவு அங்கேதான் தொடங்கும்.

சாதாரண டிஃபரன்ஷியல் விசையை இரண்டு ஷாஃப்ட்டுக்கும் சமமாகப் பங்கிடும். லாக் ஆகும் டிஃபரன்ஷியல் உள்ள ஆக்சிலில், ஒரு சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது முழு விசையும் ஒரே ஷாஃப்ட்டின் மேல் விழக்கூடும். தோட்டப் பாதையில் லாக் பெரிய உதவிதான். அதை விரும்புகிறவர் ஷாஃப்ட்டின் தடிமனையும் அதற்கேற்பக் கூட்டிக் கணக்கிட வேண்டும். டிஃபரன்ஷியலின் உள் பற்களை வெல்டு வைத்து இறுக்கும் வழக்கத்தைச் சாலையில் ஓடும் வண்டியில் நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். திருப்பங்களில் இரண்டு பின் சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டியிருப்பதால், ஈரச் சாலையில் வால் வழுக்கிப் போகும்.

ஆக்சிலின் அமைப்பைப் பார்த்து அறிதல்

பின்புறம் மூடி போல்ட்டுகளால் பூட்டப்பட்டு, அதைக் கழற்றினால் உள்ளே பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் தெரிகிறது என்றால் அது டிஃபரன்ஷியலும் ஹவுசிங் என்ற வெளிக்கூடும் ஒன்றாக இருக்கும் அமைப்பு. மகேந்திரா ஜீப்புகளின் ஸ்பைசர் வகை ஆக்சில் இப்படிப்பட்டது. டிஃபரன்ஷியல் முழுவதும் ஒரே துண்டாக முன்பக்கம் கழன்று வருகிறது என்றால் அது பாஞ்சோ வகை. முதல் வகை விறைப்பானது. இரண்டாவதில் கிரவுன் வீலையும் அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனையும் மேசைமேல் வைத்துச் சரிசெய்யலாம் என்பதால் சிறிய பட்டறைக்கு வசதி அதிகம். எனக்கு இரண்டாவதில்தான் விருப்பம், ஆனால் இதற்காக மட்டும் ஒரு நல்ல ஆக்சிலை ஒதுக்க வேண்டியதில்லை.

சக்கரத்தின் எடையை யார் தாங்குகிறார் என்பது இதைவிட முக்கியம். பெரும்பாலான கார்களில் ஆக்சில் ஷாஃப்ட்டே விசையையும் கடத்தி, வண்டியின் எடையையும் தாங்குகிறது. அந்த அமைப்பில் ஷாஃப்ட் வெளி முனையில் முறிந்தால் சக்கரமே கழன்று போகலாம். லாரிகளில் உள்ள முழு மிதவை அமைப்பில், ஹவுசிங்கின் முனையில் இருக்கும் இரண்டு பேரிங்குகள் எடையைத் தாங்குகின்றன. ஷாஃப்ட் சுழற்றும் வேலையை மட்டும் செய்கிறது. அது முறிந்தாலும் சக்கரம் இடத்திலேயே நிற்கும். பாரம் ஏற்றும் ஜீப்புக்கு அது பொருத்தம். குடும்பத்தோடு போகும் காருக்கு அதன் எடையும் அகலமும் பெரும்பாலும் வீண்.

அளவெடுத்தல்: நேரம் செலவிட வேண்டிய இடம்

இந்த ஒரு வேலைக்கு அரை நாளை ஒதுக்குங்கள். வண்டியைச் சமதளத்தில், தன் எடையில் சக்கரங்களின் மேல் நிற்கும்படி வைத்துவிட்டு, ஒரு நோட்டில் படம் வரைந்து அளவுகளை எழுதுங்கள்.

முதல் அளவு, ஒரு பக்கம் சக்கரம் வந்து அமரும் முகத்திலிருந்து மறுபக்கத்தில் சக்கரம் அமரும் முகம் வரை உள்ள தூரம். டயரின் வெளிப்பக்கத்திலிருந்து அளக்காதீர்கள். ரிம் மாறினால் அந்த அளவு பொய்யாகிவிடும். பழைய ஆக்சிலில் 1,350 மி.மீ. என்றும் புதியதில் 1,430 மி.மீ. என்றும் வந்தால், ஒவ்வொரு பக்கமும் 40 மி.மீ. வெளியே தள்ளும். அதில் ஒரு பகுதியை, உள்நோக்கி அதிகம் அமரும் ரிம் மூலம் ஈடுகட்டலாம். ஆனால் டயரின் உட்சுவர் பட்டையில் உரசாமல், பாரம் ஏற்றி வண்டி தாழ்ந்திருக்கும்போதும், குறைந்தது இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும்.

இரண்டாவது, இடப்பக்கப் பட்டையின் நடு போல்ட்டிலிருந்து வலப்பக்கப் பட்டையின் நடு போல்ட் வரை உள்ள தூரம். மூன்றாவது, பினியன் ஃபிளாஞ்சின் (பினியன் முனையில் உள்ள இணைப்புத் தட்டின்) நடுப்பகுதி ஆக்சிலின் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் தள்ளியிருக்கிறதா என்பது. பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்புகளிலும் ஜிப்ஸியிலும் டிஃபரன்ஷியல் நடுவில் இருக்காது. காரில், கியர் பெட்டியிலிருந்து ஆக்சிலுக்கு விசை கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தரையின் நடுச் சுரங்கம் வழியே வருவதால், ஒரு கை அகலம் தள்ளிய பினியனுக்கு அது சாய்ந்து ஓட வேண்டி வரும், பெட்ரோல் டாங்கியிலோ தரைத் தகட்டிலோ இடிக்கவும் கூடும். நான் வாங்கிய முதல் ஆக்சிலில் பார்க்கத் தவறியது இதைத்தான்.

நான்காவது, சக்கர போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம். நான்கு போல்ட் என்றால் எதிரெதிர் போல்ட்டுகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்தால் போதும். ஐந்து போல்ட்டில் எதிரே போல்ட் இராது. அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் நடுவிலிருந்து நடு வரை உள்ள தூரத்தை 0.588 ஆல் வகுத்தால் வட்டத்தின் விட்டம் கிடைக்கும். 67.2 மி.மீ. வந்தால் அது 114.3 வட்டம், 82.1 வந்தால் ஜீப்புகளில் வழக்கமான 139.7 வட்டம். முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு வட்டமானால், ஸ்டெப்னி டயர் ஒரு முனைக்கு மட்டுமே உதவும். இரவில் கீரிப்பாறைப் பாதையில் பங்சர் ஆகும்போது இதன் அருமை தெரியும்.

இந்த நோட்டோடு போய்த் தேடுங்கள். முதலில் உங்கள் வண்டியின் பிந்தைய மாடல்களைப் பாருங்கள். அம்பாசிடர்காரர்கள் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினோடு வந்த வண்டியின் ஆக்சிலை அளந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். உத்தரபாராவில் 2014-இல் உற்பத்தி நின்றுவிட்டதால், நல்ல நிலையில் உள்ளவற்றைப் பொறுமையாகத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பொலேரோ, டாடா சுமோ, குவாலிஸ், டவேரா ஆகியவற்றின் பின் ஆக்சில்கள் பட்டையில் அமர்பவை என்பதால் பட்டை உள்ள பழைய காருக்குக் கருத்தளவில் நெருக்கமானவை. ஆனால் அவை அகலமான, கனமான வண்டிகளுக்குச் செய்யப்பட்டவை என்பதை நோட்டு உடனே காட்டிவிடும். கான்டெசா, இன்னோவா ஆக்சில்கள் சுருள் ஸ்பிரிங்கோடும் இணைப்புத் தண்டுகளோடும் வருபவை. அவற்றின் பழைய பிடிகளை நீக்கிவிட்டுப் பட்டை அமரும் மேடைகளைப் புதிதாக வெல்டு வைக்க வேண்டும்.

அகலமான ஆக்சிலை வெட்டிக் குறுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குறுக்கலாம், ஆனால் குழாயை வெட்டி ஒட்டும்போது இரண்டு முனைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க, உள்ளே வழிகாட்டித் தண்டு வைத்துச் செய்யும் பட்டறை வேண்டும். ஷாஃப்ட்டையும் நீளம் குறைத்துப் புதிய ஸ்ப்லைன் வெட்ட வேண்டும், அல்லது புதிதாகவே செய்ய வேண்டும். ஷாஃப்ட்டின் மேற்பரப்பு வெப்பத்தால் கடினமாக்கப்பட்டது. அதை வெட்டி நடுவில் வெல்டு வைத்து ஒட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். என் கருத்தில், முதல்முறை இந்த வேலை செய்பவர் குறுக்க வேண்டிய ஆக்சிலை வாங்கவே கூடாது.

விகிதம்

நம் மாவட்டத்தில் ஒரே நாளில் ஒரே வண்டி இரண்டு வேறு உலகங்களில் ஓடுகிறது. காலையில் குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் தோட்ட ஏற்றம்; மாலையில் நாற்கரச் சாலையில் திருநெல்வேலிப் பயணம். ஆக்சில் விகிதம் இந்த இரண்டில் எதற்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்பதை உரிமையாளர்தான் தீர்மானிக்க வேண்டும்.

வாங்கப் போகும் ஆக்சிலின் விகிதத்தைக் கடைக்காரர் சொன்னபடி எழுதாமல் நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரு பக்கத்து ஹப்பை (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதியை) அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். பினியன் ஃபிளாஞ்ச் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். லாக் இல்லாத டிஃபரன்ஷியலுக்கு இந்த முறை சரியாக வரும். திறந்து பார்க்க முடிந்தால் பற்களை எண்ணுவது இன்னும் துல்லியம்: 10 பல் பினியனும் 41 பல் கிரவுனும் என்றால் 4.1, வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் உள்ள 8-க்கு 43 என்றால் 5.38.

இப்போது எஞ்சின் சுற்றைக் கணக்கிடலாம். 62 செ.மீ. விட்டமுள்ள டயர் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 685 சுற்று சுற்றும். நான்காம் கியர் நேர் விகிதம் (1:1) என்றால் 3.9 ஆக்சிலில் எஞ்சின் 2,670 சுற்றிலும், 4.1-இல் 2,810 சுற்றிலும், 5.38-இல் 3,685 சுற்றிலும் ஓடும். பழைய டீசல் எஞ்சினை 3,685 சுற்றில் மணிக்கணக்கில் ஓட்டுவது அதைக் கொல்வதற்குச் சமம். ஐந்தாம் கியர் 0.85 என்று உள்ள பெட்டி இருந்தால் அதே 5.38 ஆக்சிலில் 3,130 சுற்றாகக் குறையும். தோட்ட வேலையே முக்கியம் என்பவருக்கு அது ஒரு நியாயமான சேர்க்கை.

மறுபுறம், சுற்று குறைய வேண்டும் என்று 3.5 போன்ற உயர்ந்த வேக விகிதத்துக்குப் போய்விடாதீர்கள். ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்குக் காற்று முகத்தில் அறையும். பெட்டி போன்ற பழைய கார் அந்தக் காற்றில் கடைசி கியரில் திணறும். ஒரு கியர் இறக்கித்தான் வர வேண்டியிருக்கும். டீசல் செலவும் அப்போது கூடும். சாதாரணக் குடும்ப உபயோகத்தில், நவீன டீசல் எஞ்சினும் ஐந்து கியரும் உள்ள அம்பாசிடருக்கு 3.9 முதல் 4.3 வரை உள்ள விகிதமே என் தேர்வாக இருக்கும்.

ஸ்பீடோமீட்டர் கியர் பெட்டியிலிருந்து ஓடுகிற வண்டியில், விகிதம் மாறினால் அது காட்டும் வேகமும் மாறும். 4.5-லிருந்து 4.1-க்கு வந்தால் உண்மையில் 80-இல் போகும்போது முள் 73-ஐத்தான் காட்டும். அதன் சிறு பல்சக்கரத்தை மாற்றியோ, மீட்டர் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தோ சரிசெய்துகொள்ளுங்கள்.

பழைய ஆக்சிலைச் சோதித்து வாங்குதல்

வடிகால் போல்ட்டைக் கழற்றி எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். சாம்பல் நிறப் பசை போன்ற தூள் வயதின் அடையாளம், பயப்பட வேண்டாம். கைக்கு அகப்படும் எஃகுச் செதில்கள் இருந்தால் பற்களோ பேரிங்குகளோ உடைந்துகொண்டிருக்கின்றன. பால் கலந்த தேநீர் நிறத்தில் எண்ணெய் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரிங்குகளில் துரு இருக்கும் என்று எண்ணி விலை பேசுங்கள்.

பினியனைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மெல்லிய அசைவு இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்தால் கிரவுன் பல்லில் பெரும்பாலும் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கும். பினியன் மேலும் கீழும் ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. கிரவுன் வீலிலும் பினியனிலும் பொறிக்கப்பட்டிருக்கும் ஜோடி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஆலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒரு வண்டியின் கிரவுனையும் இன்னொரு வண்டியின் பினியனையும் சேர்த்து வைத்தால், இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் தகடுகளை எத்தனை போட்டாலும் அந்த முனகல் போகாது.

ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்பதைப் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. இரண்டு ஹப்பிலும் ஒரே அளவுள்ள நேரான கம்பிகளைப் படுக்கையாகக் கட்டி, அவற்றின் முன் முனைகளுக்கு இடையிலும் பின் முனைகளுக்கு இடையிலும் அளவெடுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த ஆக்சிலை விட்டுவிடுங்கள். அதை மாட்டினால் டயர் ஒரு பக்கம் தின்னும், சீல் ஒழுகும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியிலிருந்து வந்ததென்றால், பட்டை அமரும் மேடையின் அடியையும் பிரேக் குழாய்ப் பிடிகளையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உப்புக் காற்று பெயிண்டின் அடியில் இரும்பைத் தின்றிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

எது எப்படியிருந்தாலும், புதிய பேரிங்குகள், ஆயில் சீல்கள், பிரேக் லைனிங், வீல் சிலிண்டர் கிட் ஆகியவற்றின் செலவை ஆக்சிலின் விலையோடு சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

பொருத்துதல்

பட்டை மேடையை முதலிலேயே முழுதாக வெல்டு வைத்துவிடாதீர்கள். ஆக்சிலைப் பட்டைகளின் மேல் தளர்வாக அமர்த்தி, வண்டியின் முழு எடையையும் இறக்கி, பினியனின் சாய்வைக் கோணமானியால் அளந்து சரிசெய்த பிறகு, இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் வெல்டு வைத்துப் பிடிக்கச் செய்யுங்கள். கியர் பெட்டியின் வெளிவரும் ஷாஃப்ட்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. பட்டை உள்ள வண்டியில் விசை கொடுக்கும்போது பினியனின் மூக்கு மேலே எழும்பும் என்பதால், நிற்கும் நிலையில் அதை ஒன்று அல்லது இரண்டு டிகிரி கீழ்நோக்கி வைப்பார்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள ஜாயின்ட்டுகளின் கோணமும் ஏறக்குறைய சமமாக, மூன்று டிகிரிக்குள் இருந்தால் நடுக்கம் வராது. என் வண்டியில் முதல் முறை இதை வெறும் கண்ணால் பார்த்து வைத்தார்கள். 60 கி.மீ. வேகத்தில் தரை முழுவதும் அதிர்ந்தது. மேடைகளை அறுத்தெடுத்து மீண்டும் வைக்க வேண்டியதாயிற்று.

கோணம் உறுதியான பிறகு ஆக்சிலை இறக்கி, ஷாஃப்ட்டுகளையும் பேரிங்குகளையும் எடுத்துவிட்டு முழு வெல்டிங்கைச் செய்யச் சொல்லுங்கள். எர்த் பிடியை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். மின்சாரம் பேரிங் வழியாகப் பாயக் கூடாது. ஒரே மூச்சில் நீளமாக வைக்காமல், இடமும் வலமும் மாறி மாறிச் சிறு துண்டுகளாக வைத்து ஆறவிட்டால் குழாய் வளையாது.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளம் அனேகமாக மாறும். வண்டி தன் எடையில் நிற்கும்போது, அதன் முனையில் உள்ளேயும் வெளியேயும் வழுக்கும் ஸ்ப்லைன் முழுவதும் உள்ளே போன நிலையிலிருந்து சுமார் 25 மி.மீ. வெளியே இருக்கும்படி நீளத்தைத் தீர்மானியுங்கள். வெட்டி ஒட்டிய ஷாஃப்ட்டைப் பாலன்ஸ் பார்க்காமல் மாட்டக் கூடாது. எந்தப் பட்டறை பாலன்ஸ் பார்த்துத் தருகிறது என்பதை வெட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் பின்முனை ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் வேறு வேறு போல்ட் அமைப்பில் இருந்தால், பினியன் ஃபிளாஞ்சை மாற்றுவது நல்லது. இடைத்தகடு வைப்பது இரண்டாம் தரம்.

பிரேக்கைப் பற்றிக் கவலையோடு எழுதுகிறேன். கனமான வண்டியின் ஆக்சிலோடு பெரிய டிரம்மும் பெரிய வீல் சிலிண்டரும் வரும். முன் பிரேக் பழையபடியே இருக்க, பின் பிரேக் மட்டும் பலமானால், மழையில் நனைந்த சாலையில் முதலில் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் சுழலும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் இது எட்டாத அபாயம் அல்ல. சிறிய துளையுள்ள வீல் சிலிண்டர் அந்த டிரம்முக்குக் கிடைத்தால் அதை மாட்டுங்கள். இல்லையென்றால் பின் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வையுங்கள். அதோடு முன் பிரேக்கையும் மேம்படுத்துங்கள். ஆளில்லாத மைதானத்தில் தரையை நனைத்து, 30 கி.மீ. வேகத்தில் பலமாக மிதித்து, எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்பதை வெளியே ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முன் சக்கரம்தான் முதலில் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிள் ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறதா என்பதையும் அன்றே பாருங்கள்.

எண்ணெயும் மூச்சுக்குழாயும் முதல் ஓட்டமும்

கிரவுன்-பினியன் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உரசும் அமைப்பு என்பதால் ஜி.எல்.-5 தரமுள்ள 80டபிள்யூ-90 எண்ணெயே பொதுவாகப் பொருந்தும். நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஊற்றினால் போதும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் தட்டுகள் உள்ள டிஃபரன்ஷியல் என்றால் அதற்குரிய சேர்மானமும் வேண்டும். புதிய கிரவுன்-பினியன் போட்டிருந்தால், முதல் 25 கி.மீ. மெதுவாக ஓட்டி நிறுத்தி, முழுவதும் ஆறவிட்டு, அடுத்த 500 கி.மீ. வரை பாரமும் வேகமும் இல்லாமல் ஓட்டிய பிறகு எண்ணெயை மாற்றுங்கள்.

ஹவுசிங்கின் மேலுள்ள சிறிய மூச்சுத் துளையை மறக்காதீர்கள். சூடான ஆக்சில் மழைவெள்ளத்தில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, பின்சீட்டின் உயரம் வரை கொண்டுபோய்க் கட்டிவிட்டால் அந்தக் கவலை பெரும்பாலும் தீரும். வெல்டு வைத்த இடங்களைத் துருப்பிடிக்காத பிரைமரும் பெயிண்டும் பூசி மூடுங்கள். கடற்கரையில் வசிப்பவர்கள் வாரம் ஒரு முறை அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும்.

ஆக்சிலைப் பட்டையோடு இறுக்கும் யூ போல்ட்டுகளைப் பழையதையே திரும்பப் பூட்டாமல் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இறுகி நீண்ட போல்ட் மறுமுறை அதே பிடியைத் தராது. வண்டி 100 கி.மீ. ஓடிய பிறகு ஒரு முறையும், 500 கி.மீ. ஓடிய பிறகு மறுமுறையும், வண்டி தன் எடையில் நிற்கும்போது நான்கு யூ போல்ட்டுகளையும் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையும் டார்க் ஸ்பானரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானரால்) முடுக்குங்கள். அதன் பிறகுதான் நான் என் அம்பாசிடரை மீண்டும் பாலமோருக்கு எடுத்துச் சென்றேன்; போய்த் திரும்பியதும் டிஃபரன்ஷியல் மேல் கை வைத்துப் பார்த்தேன், சில நொடிகள் தாராளமாகக் கையை வைத்திருக்க முடிந்தது.